கடித்துப் பார்த்துச் சொல்கிறவர்

பேசிக்கொண்டிருக்கும்போது மேல்பல் செட்டு நழுவி விழுந்தால் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். என் பிழைப்பே அதில்தான். கையால் வாயைப் பொத்துவார்கள், தலையைக் குனிவார்கள், பாதிப் பேச்சை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விடுவார்கள். அக்கா ஒருத்தர்தான் விழுந்த செட்டைக் காற்றிலேயே பிடித்து, பிடித்த கையை நீட்டி, மிச்சத் திட்டையும் திட்டி முடித்தவர்.

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற சாலையில் அவருடைய மெஸ் இருந்தது. சீசன் நேரம். வெளியூர் டூரிஸ்ட் பஸ் ஒன்று மெஸ் வாசலை முழுசாக அடைத்துக்கொண்டு நின்றது. நான் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அக்கா கரண்டியோடு வாசலுக்குப் போனார்.

"ஏ டிரைவரு, வண்டிய எடுக்கியா, இல்ல நாலு டயர்லயும் காத்த..."

'காத்த' என்ற இடத்தில் செட்டு வெளியே வந்துவிட்டது. இடது கையால் பிடித்தார். அந்தக் கையாலேயே டிரைவரைச் சுட்டிக்காட்டி, "எறக்கட்டுமா?" என்று முடித்தார். ரோஸ் நிற அண்ணமும் வரிசைப் பல்லும் தன்னைப் பார்த்து நீளுவதை அந்த டிரைவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார். பஸ் ஒரே மூச்சில் பின்னால் போனது. அக்கா குழாயடியில் செட்டைக் கழுவி மாட்டிக்கொண்டு என் இலைப்பக்கம் வந்தார்.

"என்ன தம்பி அப்படிப் பாக்க? நீ செஞ்சு குடுத்ததுதான். வாயில நிக்க மாட்டேங்கு. ஆனா பஸ்ஸ எடுக்க வச்சுட்டு பாத்தியா."

தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் பல்செட் செய்து கொடுக்கிறவன் நான். பள்ளிக்கூடப் படிப்பு பத்தைத் தாண்டவில்லை. பிளாஸ்டர் குழைத்துக் குழைத்தே தொழில் படிந்தது. வேலை நடக்கும்போது வருகிறவர்களைப் பேசவிட்டுக் கேட்பது என் பழக்கம். வாயைத் திறந்து காட்டுகிறவர்கள் மனதையும் கொஞ்சம் திறந்துதான் காட்டுகிறார்கள். யார் என்ன சொன்னார்கள் என்பது எனக்கு மறப்பதில்லை. அப்படிச் சேர்ந்ததில் பெரும்பங்கு அக்காவுடையது.

அவர் பேரை நான் எழுதப் போவதில்லை. எழுதினாலும் ஊரில் பாதிப் பேருக்கு யாரென்று தெரியாது. அவரைவிட மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு தடவை கார் நிறைய வந்த பையன்களில் ஒருத்தன், "பாட்டி, இன்னும் கொஞ்சம் குழம்பு" என்று கேட்டுவிட்டான். அக்கா குழம்பு வாளியோடு திரும்பிப் பார்த்தார்.

"எம் மவனுக்கு நீ பிள்ளையாலே?"

"இல்லைங்க."

"பெறவு எப்படிலே நான் உனக்குப் பாட்டி ஆனேன்? அக்கான்னு சொல்லு, ஊத்துதேன்."

சொன்னான். ஊற்றினார். அதோடு விடவில்லை. அவன் இலைக்கு மேலே கையைக் குறுக்கே காட்டினான், போதும் என்பதற்காக. அக்கா கையைச் சுற்றிக்கொண்டு ஊற்றினார். அந்த மெஸ்ஸின் சட்டம் அது. கை காட்டினால் செல்லாது. வாயைத் திறந்து "போதும்" என்று சொல்ல வேண்டும். "போதுமா போதாதாங்கத உன் வாய்தாம்லே சொல்லணும். கை என்னத்தக் கண்டுச்சு" என்பார். இந்தச் சொல்லை அவர் இலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அவர் மெஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி. பெரிய உருளியில் விறகடுப்பில் வேகும். கறி வெந்துவிட்டதா என்று எல்லா ஊரிலும் விரலால் நசுக்கிப் பார்ப்பார்கள், கரண்டியால் அழுத்திப் பார்ப்பார்கள். அக்கா கடித்துத்தான் பார்ப்பார். எலும்போடு ஒட்டின துண்டாகப் பார்த்து ஒன்றை எடுத்து, ஊதி, அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு மெல்லுவார். அந்த நேரத்தில் யாரும் அவரோடு பேசக் கூடாது. முழுங்கிய பிறகு ஒரு கையைத் தூக்குவார். தூக்கினால்தான் மாஸ்டர் உருளியை இறக்குவார். மாமியார் காலத்திலிருந்து வந்த வழக்கம். மாமியாருக்குப் பிறகு அந்தக் கடி அக்காவுக்கு வந்தது. வீட்டுச் சாவியைவிட அதுதான் பெரிய அதிகாரம் என்று அவர் மருமகளே என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

மேல்பல் எல்லாம் அவருக்கு நாற்பது வயசுக்குள் போய்விட்டது. ஈறு வீங்கி, ரத்தம் கசிந்து, ஒவ்வொன்றாக ஆடி விழுந்தது போக மிச்சத்தை எங்கேயோ ஒரே உட்காரலில் பிடுங்கிவிட்டார்கள். கீழே முன்னால் ஆறு பல் மட்டும் சொந்தமாக நின்றது. நல்ல வைரம் பாய்ந்த பல். கெடுதலே அதுதான். பல் இல்லாத இடத்து எலும்புக்கு வேலை இல்லை, வேலை இல்லாத எலும்பு தானாகவே கரையும். அதற்கு மேல் செட்டை வைத்துக் கீழ்ப்பல் இருந்து இடித்துக்கொண்டே இருந்தால் இரண்டு மடங்கு வேகத்தில் கரையும். ஒவ்வொரு தடவை புது செட்டுக்காக அச்செடுத்துப் பிளாஸ்டர் ஊற்றும்போதும் எனக்குத் தெரியும். மேல்தாடை என்பது வயல் வரப்பு மாதிரி மேடாக இருக்க வேண்டும், செட்டு அந்த வரப்பைக் கவ்வித்தான் நிற்கும். அக்காவுக்கு வரப்பு தேய்ந்து தேய்ந்து கடைசியில் வயலோடு வயலாகிவிட்டது. நான் எவ்வளவு பொருத்தமாகச் செய்தாலும், அக்கா கொஞ்சம் சத்தமாகப் பேசினால் போதும், செட்டு கையோடு வந்துவிடும். அவர் சத்தமில்லாமல் பேசி நான் கேட்டதில்லை.

கறியைக் கடிக்கவே முடியாமல் போனது ஒரு சீசனில். அவர் யாரிடமும் சொல்லவில்லை. வழக்கம்போல அடுப்புக்கு முதுகைக் காட்டி நிற்பார், வாயில் துண்டைப் போட்டு அசைபோடுகிற மாதிரி அசைத்து, நாக்காலும் விரலாலும் நசுக்கிப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்குவார். பல நாள் இது சரியாகத்தான் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விரல் ஏமாற்றிவிட்டது. முற்றின ஆடு. மேலே மசிந்த கறி உள்ளே வேகவில்லை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரிய குடும்பம் இலையை மடித்துவிட்டு எழுந்தது.

"ஏ அண்ணாச்சி, இது கறியா, செருப்பா?" என்று அதில் ஒருத்தர் கேட்டது சாலை வரைக்கும் கேட்டதாம்.

அன்று மகன் சொன்னான், "எம்மா, நீ இனிமே கல்லால உக்காரு. உள்ள மாஸ்டர் பாத்துக்கிடுவாரு."

மகன் கெட்டவன் இல்லை. சாந்தமாகத்தான் சொன்னான். அதுதான் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் காலையில் மெஸ்ஸை மருமகளிடம் விட்டுவிட்டு மேலகரம் வழியாக மினிபஸ் பிடித்து என் மாடிக்கு வந்துவிட்டார். செட்டைக் கழற்றி என் மேஜையில் வைத்தார்.

"கல்லால உக்காரச் சொல்லுதான் தம்பி. சிரிச்ச மொகமா வர்றவனுக்குச் சில்லறை குடுக்கணுமாம். அடுப்பு பக்கத்துல போகக் கூடாதாம்."

"அடியில மெத்துனு ஒரு லைனிங் போட்டுப் பாக்கட்டுமாக்கா?"

"நீ வீடு நல்லாத்தாம்லே கட்டுத. மனையே இல்லாம எங்கன போயி நிக்கும்? மனைக்கு ஒரு வழி சொல்லு."

என் தொழிலுக்கு நானே குழி தோண்டுகிற மாதிரிதான். ஆனாலும் சொன்னேன். தென்காசியில் புதிதாக வந்திருந்த ஒரு பல் டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். செங்கோட்டைப் பெண். சென்னையில் பெரிய படிப்புப் படித்துவிட்டு வந்தவர். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டரில் காட்டினார்.

"எலும்புல திருகாணி மாதிரி ஒண்ணை இறக்கி அது மேல பல்லு வைக்கலாம்கா. கழட்டவே வேண்டாம், கறி கடிக்கலாம். ஆனா திருகாணி இறங்க எலும்பு வேணும். உங்களுக்கு இங்கன காகிதம் கனத்துக்குத்தான் இருக்கு. அதுக்கு மேல மூக்கோட சேர்ந்த காத்து அறை."

"எலும்பு இல்லேன்னா?"

"வளக்கணும். அந்தக் காத்து அறையோட தரையைக் கொஞ்சம் மேல தூக்கிட்டு, கீழ எலும்புப் பொடி நிரப்பணும். மாசக்கணக்குல அது கெட்டிப்படும். அதுக்குப் பிறகுதான் திருகாணி. அது ஒட்ட இன்னும் சில மாசம். பேடிக்க வேண்டாம், ஆனா பொறுமை வேணும்."

"பள்ளத்துல மண்ணு நெரப்பி, அது கெட்டிச்ச பெறவு பில்லர் போடுத மாதிரி."

"அதேதான்."

"அந்தப் பொடி என்ன எலும்பு?"

டாக்டரம்மா கொஞ்சம் தயங்கினார். "மாட்டெலும்புக்கா. நல்லா சுத்தம் பண்ணினது."

அக்கா கெக்கெக்கே என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் மேலே ஒரு பல்லும் இல்லை, கீழே ஆறு பல்லும் மின்னின. "ஊருக்கெல்லாம் ஆட்டெலும்ப அவிச்சுப் போட்டேன். கடைசியில எனக்கு மாட்டெலும்பா. போடுங்க. ஆடும் மாடும் என் வாய்க்குள்ள சண்டை போடாம இருந்தாச் சரி."

விஷயம் சாலை முழுக்கப் பரவிவிட்டது. எண்ணெய் தேய்த்து விடுகிறவர்கள், பழக்கடைக்காரர்கள், லாட்ஜ்காரர்கள் எல்லோரும் அக்காவுக்குப் புத்தி சொன்னார்கள். எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான், "இனிமே எத்தனை வருசத்துக்கு?" பக்கத்து லாட்ஜ் அண்ணாச்சி ஒரு படி மேலே போய், "குழைய வடிச்சு ரசத்தை ஊத்தித் தின்னுட்டுக் கெடக்கதுக்கு என்ன கேடு உனக்கு?" என்று கேட்டார்.

"பல்லு போனவ கொழஞ்ச சோறு திங்கணும்னு எந்தக் கல்வெட்டுல எழுதியிருக்கு அண்ணாச்சி? காட்டும், படிச்சுப் பாக்கேன்."

"கோட்டி பிடிச்சிருக்கு உனக்கு."

"ஆமா. கடிக்குத கோட்டி. பக்கத்துல வந்துராதீரும்."

சித்திரையில் முதல் ஆபரேஷன் நடந்தது. முடிந்து வெளியே வந்ததும் டாக்டரம்மா ஒரு தாளைக் கொடுத்தார். என்னென்ன செய்யக் கூடாது என்று அச்சடித்த தாள். அக்கா கண்ணாடி கொண்டு வராததால் நான்தான் படித்துக் காட்டினேன். மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது. கனமான பொருளைத் தூக்கக் கூடாது. நீச்சல் அடிக்கக் கூடாது. விமானத்தில் பயணம் செய்யக் கூடாது.

அக்கா கன்னத்தில் ஐஸ் பையோடு ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். விமானம் வந்தபோது மட்டும் ஒரு பக்கத்து உதட்டைத் தூக்கி, "டிக்கெட்ட கேன்சல் பண்ணிரு" என்றார்.

மூன்று வாரம் அப்படியே இருந்தார். கஞ்சிதான். செட்டையும் மாட்டக் கூடாது என்பதால் வெறும் வாயோடு கல்லாவில் உட்கார்ந்து சில்லறை கொடுத்தார். யாராவது உற்றுப் பார்த்தால், "வேலை நடக்கு. பாலம் கட்டுதாங்க" என்பார். அந்த மூன்று வாரமும் தாளில் இருந்த ஒன்றைக்கூட மீறவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். திமிர்பிடித்தவர் சொன்ன பேச்சைக் கேட்க மாட்டார் என்று நினைக்கிறோம். அவர் கேட்டார்.

அந்த வருடம் சாரல் முந்திக்கொண்டது. வைகாசி முடியுமுன்னே மேலே மலையில் மழை பிடித்து, ஒரு விடியற்காலையில் அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டது. குற்றாலத்தில் இருக்கிறவர்களுக்கு இதில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூர்க் கூட்டம் கேள்விப்பட்டு வந்து இறங்குவதற்கு முன்னால், முதல் தண்ணீரில் நாம் போய்த் தலையைக் கொடுத்துவிட வேண்டும். சோப்பு கிடையாது, ஷாம்பு கிடையாது. சும்மா போய் நிற்பது. தெருப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து போவார்கள். "தண்ணி விழுது" என்று வாசலில் சத்தம் கேட்டதும் அக்காவும் துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சிறு பிள்ளையிலிருந்து ஒரு வருடம் விட்டதில்லை.

முழுத் தண்ணீரும் உச்சந்தலையில் இடிக்கிற மாதிரி நின்றிருக்கிறார். வெளியே வந்ததும், அருவியில் நின்ற எவரும் செய்வதைச் செய்தார். தாளின் நினைப்பு வருமுன்னே கை தானாகப் போய்விட்டது, மூக்கைப் பிடித்துப் பலமாகச் சிந்தினார்.

நாலாம் நாள் கன்னம் வீங்கிவிட்டது. மூக்கிலிருந்து நாற்றமும் சீழும், கூடவே ரவை மாதிரி மணி மணியாகவும் வந்தது. அந்த மணிகளை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு கிளினிக்குக்கு வந்தார். டாக்டரம்மா காகிதத்தைப் பிரித்தார், உள்ளே இருந்தது அவர் வைத்த எலும்புப் பொடி. பிறகு கேட்டார்.

"நீச்சல் அடிச்சீங்களாக்கா?"

"எனக்கு நீச்சலே தெரியாதுல்லா."

"வேற என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணுஞ் செய்யல. அருவியில நின்னேன்."

டாக்டரம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "நானும் இந்தத் தண்ணியில குளிச்சு வளந்தவதானே. எனக்குத் தோணலையே." அந்தத் தாள் அவர் படித்த கல்லூரியில் கொடுத்தது. நீச்சல் குளம் இருக்கிற ஊருக்கும் விமானம் ஏறுகிறவர்களுக்கும் எழுதியது. படித்துக் காட்டிய எனக்கும் தோணவில்லை. நானும் இந்த ஊர்க்காரன்தான், நானும் அந்த வாரம் பழைய குற்றாலத்தில் போய் நின்றுவிட்டு வந்தவன்தான். அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன்.

பொடி முழுவதையும் சுரண்டி எடுத்துவிட வேண்டியதாகிவிட்டது. எல்லாம் முடிந்து வீங்கின முகத்தோடு எழுந்த அக்கா செய்த முதல் காரியம், மேஜையிலிருந்த அந்தத் தாளை எடுத்து டாக்டரம்மா முன்னால் வைத்ததுதான்.

"எழுதுங்க. அருவியில நிக்கக் கூடாதுன்னு எழுதுங்க. கடைசியில இல்ல, ஒண்ணாம் நம்பரா போடுங்க. எனக்குப் பெறவு வர்றவளாவது தப்பட்டும்."

டாக்டரம்மா எழுதினார். பிறகு, "மறுபடி செய்யணும்னா நல்லா யோசிங்க அக்கா. இந்தத் தடவை பொடி மட்டும் போதாது. உங்க இடுப்பெலும்புல இருந்து வெட்டி எடுத்து வைக்கணும். மயக்கம் குடுத்துச் செய்யணும். நடக்கதுக்கே கொஞ்ச நாள் கஷ்டமாயிரும்" என்றார்.

வீட்டில் மகன் ஒரேயடியாக மறுத்துவிட்டான். நான் போயிருந்தபோதுதான் அந்தப் பேச்சு நடந்தது.

"அந்த டாக்டரம்மாவே வேண்டாங்குதாங்கல்லா."

"வேண்டாங்கல. யோசிங்கன்னு சொன்னா. நான் யோசிச்சுட்டேன்."

"இடுப்ப வெட்டி வாயில வைக்கணுமாம்மா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். ஊருக்குப் பல்லு இருக்கு, சிரிக்கு. எனக்கும் வரட்டும், நானும் சிரிக்கேன்."

"எதுக்கும்மா இந்தப் பிடிவாதம்? இருக்கது போதாதா?"

அக்கா அவன் பக்கம் திரும்பினார். "போதும்னு இலையில இருக்கவன் சொல்லணும்யா. வெளம்புதவன் சொல்லக் கூடாது." பிறகு அவனுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். "நீ சொன்ன மாதிரியே கல்லால உக்காருதேன். அடுப்பு பக்கம் போகல. ஆனா பல்லு நின்ன அன்னைக்கு எந்திரிச்சு உள்ள போவேன். அன்னைக்கு எவனும் குறுக்க நிக்கக் கூடாது. இந்தத் தடவையும் நிக்கலேன்னா நானே பேசாம கல்லாவோட கெடந்துக்கிடுதேன்."

அவர் பந்தயத்தில் வைத்தது எதை என்று எனக்குத் தெரியும்.

அடுத்த தையில், அருவி காய்ந்து பாறை தெரிகிற காலமாகப் பார்த்து நாள் குறித்தார். தேதியை டாக்டரம்மா சொல்லவில்லை, அவர்தான் சொன்னார். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் இடுப்பைத் தடவிப் பார்த்து, "எவ்வளவு எடுத்தீங்க?" என்று கேட்டாராம். சின்னத் துண்டுதான் என்றதும், "கூட வேணும்னா எடுத்துக்கிடுங்க, அங்கன சும்மாத்தானே கெடக்கு" என்றாராம்.

வீட்டுக்கு வந்த பிறகு ஊன்றிக்கொள்ளக் கம்பு வாங்கிக் கொடுத்தான் மகன். அதைத் தொடவில்லை. சோறு கிண்டுகிற நீளத் துடுப்பு ஒன்று பழசாகிக் கிடந்தது, அதை ஊன்றிக்கொண்டு கல்லாவுக்கும் வீட்டுக்கும் நடந்தார். அடுப்படி வாசலைக் கடந்து போகும்போது மட்டும் நடையில் ஒரு தடுமாற்றம் வரும். உள்ளே பார்க்க மாட்டார். மூக்கை மட்டும் ஒரு தரம் உறிஞ்சி, "மாஸ்டர், மல்லி கருகுது" என்று சொல்லிவிட்டுப் போவார். மாஸ்டர் ஓடிப் போய்க் கிண்டுவார்.

அந்த வருடமும் தண்ணீர் விழுந்தது. ஆனி பிறந்து நாலாம் நாள். தெருப் பெண்கள் துண்டோடு வந்து வாசலில் நின்றார்கள். அந்த நேரத்தில் நான் அங்கே இருந்தேன். திருகாணி இறக்குவதற்கு முன்னால் ஒரு அச்செடுத்துவிடலாம் என்று காலை முதல் பஸ்ஸிலேயே போயிருந்தேன்.

"வாங்கக்கா. இத்தனை மாசம் ஆயிட்டுல்லா. ஓரமா நின்னு தலைய மட்டும் நனைச்சுட்டு வந்துருவோம்."

"டாக்டரம்மா இனி நிக்கலாம்னு சொல்லலியே."

"கேட்டீங்களா?"

"கேட்டா, 'நிக்கலாம்'னு சொல்லிருவா. அதாங் கேக்கல. போங்கட்டி. தண்ணி அடுத்த வருசமும் விழும்."

அவர்கள் போன பிறகு கல்லாவில் உட்கார்ந்தார். அருவிச் சத்தம் அங்கே வரைக்கும் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டு, மேஜையைப் பிடித்துக்கொண்டு, பாறை மாதிரி உட்கார்ந்திருந்தார். போகிறேன் என்று கிளம்பியிருந்தால் என்னால் தடுத்திருக்க முடியாது. ஊரை எதிர்த்து அவர் நின்றதெல்லாம் எனக்குப் பழக்கம். தன்னையே எதிர்த்து நின்றதை அன்றுதான் பார்த்தேன். பெண்கள் ஈரத்தலையோடு திரும்பி வந்தபோது, "எப்படிட்டி இருந்துச்சு?" என்று கேட்டார்.

திருகாணி இறக்குகிற அன்று நானும் கூட நின்றேன். டாக்டரம்மா ஈறைத் திறந்து, முகமூடிக்குள்ளிருந்து, "பாருங்க, ரத்தம் வருது" என்றார். நான் பயந்துபோய்ப் பார்த்தேன். அவர் கண் சிரித்தது. எலும்பில் ரத்தம் வந்தால் அது உயிர் எலும்பு என்று அர்த்தமாம். காகிதமாக இருந்த இடம் கெட்டித்திருந்தது. இடுப்பிலிருந்து வந்தது தாடையாகிவிட்டது. மேலே ஆறு திருகாணி இறங்கியது. அது ஒட்ட இன்னும் பல மாதம். பிறகு அந்த ஆறின் மேல் உட்காரும் பல்வரிசையை நான் செய்தேன். திருகாணி மேல் பல் வைப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. தெரியாததை டாக்டரம்மாவிடம் கேட்டும், பிழை வந்தபோது மறுபடி முதலிலிருந்து செய்தும் முடித்தேன்.

மாட்டி முடித்ததும் நர்ஸ் கண்ணாடியை நீட்டினாள். அக்கா வாங்கவில்லை. மேலும் கீழும் ஒரு தரம் தட்டிப் பார்த்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டு நிமிர்ந்தார்.

"கண்ணாடி எதுக்கு? நான் என்ன பொண்ணு பாக்கவா உக்காந்திருக்கேன். கறி எப்பம் திங்கலாம், அதச் சொல்லுங்க."

சில வாரம் மெத்தென்றதாகச் சாப்பிடச் சொன்னார் டாக்டரம்மா. அதையும் கேட்டார்.

அந்தப் பல்லோடு அக்கா நாலு வருடம் இருந்தார். ஒரு புரட்டாசியில் நெஞ்சுவலி வந்து, தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டார். துக்க வீட்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்த லாட்ஜ் அண்ணாச்சி என்னிடம் மெல்லச் சொன்னார், "நான் அன்னைக்கே கேட்டேன், எத்தனை வருசத்துக்குன்னு. பாத்தீரா, நாலே வருசம்." நான் பொதுவாகச் சண்டைக்குப் போகிறவன் இல்லை. அன்று போனேன். "நாலு வருசமும் கடிச்சுத் தின்னாங்க அண்ணாச்சி. உமக்குத்தான் முப்பத்திரெண்டும் இருக்கே, அத வச்சுக்கிட்டு நீரு என்ன செஞ்சீரு? அடுத்த வீட்டுக்காரிக்கு ரசஞ்சோறுதானே சொன்னீரு." துக்க வீட்டில் பேசுகிற பேச்சா என்று பக்கத்தில் இருந்தவர்கள் என்னை அடக்கினார்கள். பேசுகிற பேச்சுதான். அக்கா கேட்டிருந்தால் இன்னும் ரெண்டு சேர்த்துச் சொல்லியிருப்பார்.

அவரை நினைத்தால் எனக்கு வருகிற முகம் துக்க வீட்டில் பார்த்தது அல்ல. அதற்கு நாலு வருடம் முந்தினது. டாக்டரம்மா 'இனி எதை வேண்டுமானாலும் கடிக்கலாம்' என்று சொன்ன வாரத்து ஞாயிற்றுக்கிழமை. ஆடி மாதம், நல்ல சீசன். சாரல் போட்டுக்கொண்டிருந்தது. மெஸ் உள்ளே இலை போட்டு ஆட்கள் உட்கார்ந்தாகிவிட்டது, வெளியே சாக்கடை மேல் பலகை வரைக்கும் கூட்டம் நின்றது. நான் அடுப்படி தெரிகிற ஒரு ஓரத்தில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பசி இல்லை, வேடிக்கை பார்க்கத்தான் வந்திருந்தேன். நான் செய்த பல்.

மாஸ்டர் உருளியிலிருந்து ஒரு துண்டை எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு, "எறக்கிருவமா?" என்றார். மகன் வெளியே கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "எறக்குங்க" என்றான்.

கல்லாவிலிருந்து அக்கா எழுந்தார். இரண்டு வருடமாகத் தாண்டாத அடுப்படி வாசலைத் தாண்டினார். மகன் வழியில் நின்றான். பிறகு அவனே ஒதுங்கினான்.

எலும்போடு ஒட்டின துண்டு ஒன்றை எடுத்தார். ஊதினார். அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு கடித்தார். இழுத்து, மென்று, இன்னொரு பக்கத்துக்குத் தள்ளி, மறுபடி மென்றார். நான் என் இலையைப் பிடித்துக்கொண்டு அந்தத் தாடை அசைவதையே பார்த்தேன். மாஸ்டர் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு உருளியின் காதைப் பிடிக்கத் தயாராக நின்றார். மருமகள் தண்ணீர் வைப்பதை நிறுத்திவிட்டாள். அக்கா முழுங்கினார்.

கையைத் தூக்கவில்லை.

"வேகல" என்றார்.

"எம்மா, வெளிய நாப்பது பேரு நிக்காங்க" என்றான் மகன்.

"நிக்கட்டும்."

உருளியை மூடச் சொல்லிவிட்டு, குனிந்து, இன்னொரு விறகை எடுத்து அடுப்புக்குள் தள்ளினார்.